கண் மூடிய மண் பெண்கள்: மெக்ஸிகோவில் ஐந்து நாள்

பிரசவ வார்டில் இருபத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். டெக்சாஸில் இருக்கும் மகள் "எங்கேம்மா போகலாம், நீயே சொல்லு" என்றபோது பதிலுக்கு ஒரு போட்டோவைத்தான் அனுப்பினேன். கண்ணை மூடி, வாயைத் திறந்தபடி இருக்கும் ஒரு சுடுமண் பெண். மெக்ஸிகோ, வெராக்ரூஸ் மாநிலம், பிரசவத்தில் இறந்தவள் என்று கீழே போட்டிருந்தது. அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தினமும் ராத்திரி அறைக்கு வந்ததும் எழுதிப் போட்டவை இவை.

அக்டோபர் 29, 2024, செவ்வாய் – மெக்ஸிகோ சிட்டி

கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சுரங்க ரயில் நிலையத்தின் படி ஏறும்போதே மூச்சு முட்டியது. "உட்காரும்மா, இங்கே எல்லாருக்கும் முதல் ரெண்டு நாள் இப்படித்தான்" என்றாள் மகள். உட்கார்ந்த இடத்துக்கு எதிரிலேயே ஒரு பெண் பெரிய அலுமினிய அண்டாவை வைத்துக்கொண்டு தமால் விற்றுக்கொண்டிருந்தார். சோள மாவைப் பிசைந்து, உள்ளே கோழியும் பச்சை மிளகாய்ச் சாறும் வைத்து, சோள மடலில் சுற்றி ஆவியில் அவிப்பது. இந்த ஊர்க்காரர்கள் அதை அப்படியே ஒரு ரொட்டிக்குள் திணித்துத் தருகிறார்கள். 25 பெசோ. கூடவே இனிப்புச் சோளக் கஞ்சி 20 பெசோ. நம் காசில் இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மதியம் மூன்று மணி வரை வயிறு கேட்கவில்லை.

நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடந்து போகிறவர்கள் எல்லாம் "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தமாம். ஆபீஸுக்கு ஓடுகிற பையன் கூட ஒரு நொடி முகம் பார்த்துச் சொன்னான். மனசுக்கு இதமாக இருந்தது.

அப்புறம் தெம்ப்லோ மயோர். ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் பெரிய கோவில் நகரத்துக்கு அடியில் புதைந்து கிடந்ததை, 1978இல் மின்வாரிய ஊழியர்கள் கேபிளுக்காகக் குழி தோண்டும்போது ஒரு பெரிய வட்டக் கல்லில் இடித்துக் கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நான் தேடிப் போனது கல்லை அல்ல, மண்ணை.

மிக்த்லான்தெகுத்லி. இறந்தவர்களின் உலகத்துக்கு அதிபதி. 1994இல் 'கழுகு வீடு' என்ற கட்டடத்தில் இப்படி இரண்டு உருவங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. அவற்றை ஒட்டவைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆளுயரம், 1 மீட்டர் 76 சென்டிமீட்டர். இரண்டு கையையும் நகம் தெரிய முன்னே நீட்டி, நம் மேல் பாய்கிற மாதிரி சாய்ந்து நிற்கிறார். பாதி உடம்பில் சதை இல்லை. விலா எலும்பு வரிசைக்குக் கீழே ஈரல் தொங்குகிறது. நஹுவா மக்களுக்கு (அஸ்டெக்குகளும் இவர்களில் சேர்த்தி) மனித உடம்பில் மூன்று உயிர்ச் சக்திகள். அதில் ஒன்றுக்கு ஈரல்தான் வீடு. மண்டை ஓடு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். சுருட்டை முடி செருகி வைப்பதற்காம். இந்தச் சிலையின் மேல் ரத்தம் ஊற்றியிருக்கிறார்கள். அதன் சுவடு மண்ணின் நுண்துளைகளுக்குள் ஐந்நூறு வருடம் கழித்தும் இருந்ததை ரசாயனப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். ரத்தக் கறை எதில் பட்டால் போகும், எதில் பட்டால் போகாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சுட்ட மண்ணில் பட்டால் போகாது.

அக்டோபர் 30, புதன் – மெக்ஸிகோ சிட்டி, பிறகு பேருந்து

தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். 1964இல் திறந்தது. ஒரு நாளில் பார்த்து முடிக்கிற இடமே இல்லை, கால் வலிதான் மிச்சம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வேறு. இரண்டு இடத்தில் மட்டும் நின்றேன்.

ஒன்று, த்லதில்கோ மண் பொம்மைகள். இந்த நகரத்தின் மேற்கு ஓரத்தில் செங்கல் சூளைக்கு மண் வெட்டியவர்கள் கையில் சிக்கியவை. சுமார் மூவாயிரம் வருடப் பழசு. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெண்கள்; பெருத்த தொடை, குறுகிய இடுப்பு. சிலருக்கு ஒரே கழுத்தில் இரண்டு தலை. வேறு சிலருக்கு ஒரு தலையில் இரண்டு முகம், நடுக்கண் இரண்டுக்கும் பொது. இறந்தவர்களோடு சேர்த்துக் குழியில் வைத்தது.

இன்னொன்று, கொலிமா நாய். மேற்கு மெக்ஸிகோவில் கிணறுபோல் ஆழமாகத் தோண்டிய கல்லறைகளில் கிடைப்பது. கொழுகொழுவென்று, செம்மண் பூச்சு பளபளக்க, காது இரண்டும் தூக்கி நிற்கிறது. பிற்காலத்து அஸ்டெக்குகள் சொன்ன ஒரு கதையை, 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். செத்தவர் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும், நாய்தான் முதுகில் ஏற்றிக் கடத்தும். வெள்ளை நாய் "இப்போதுதான் குளித்தேன்" என்று மறுத்துவிடும். கருப்பு நாய் "இப்போதுதான் மேலெல்லாம் கறையாச்சு" என்று மறுத்துவிடும். மஞ்சள் நாய்தான் வரும். அதனால் மஞ்சள் நாயின் கழுத்தில் பருத்தி நூல் கட்டிக் கூடவே அனுப்புவார்களாம்.

சாயங்காலம் வெராக்ரூஸ் மாநிலத் தலைநகர் ஹலாப்பாவுக்குப் பேருந்து. ஐந்து மணி நேரம் என்றார்கள். மலை இறங்குகிற இடத்தில் மூடுபனி அடைத்துக்கொண்டது, முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் வண்டி ஊர்ந்தது. பக்கத்து இருக்கைப் பாட்டி தன் கம்பளியின் ஒரு பாதியை என் மடிமேல் போட்டுவிட்டு, ஒன்றுமே பேசாமல் தூங்கிப்போனார். அறைக்கு வந்து சேரும்போது ராத்திரி ஒன்றரை.

அக்டோபர் 31, வியாழன் – ஹலாப்பா

இன்று தீபாவளி. காலையில் போனில் வாழ்த்துச் சொல்லி முடித்தோம். வெளியே தூறல். நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது. இந்த ஊரில் அதற்குச் 'சிப்பிசிப்பி' என்று பெயரே இருக்கிறது. ஹலப்பேனோ மிளகாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். ஓட்டலில் காபி 35 பெசோ, பக்கத்து மலைத் தோட்டத்துக் கொட்டை. இந்தப் பயணத்தில் குடித்த நல்ல காபி இதுதான்.

ஹலாப்பா மானுடவியல் அருங்காட்சியகம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். 1986இல் கட்டிய கட்டடம் மலைச்சரிவோடு சேர்ந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது, பக்கவாட்டில் தோட்டம். முதலில், அஸ்டெக்குகளுக்கு வெகுகாலம் முந்திய ஓல்மெக்குகளின் பெரிய கல் தலைகள், ஏழு. எல்லாரும் அங்கேதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் கீழே இறங்கிக்கொண்டே போனோம்.

வழியில் சிரிக்கும் முகங்கள். ரெமோஹாதாஸ் என்ற ஊரின் பெயரால் சொல்கிறார்கள். முக்கோணத் தலை, ராவிய பல், தூக்கிய கை. முகத்தை அச்சில் அழுத்தி எடுத்து, உடம்பைக் கையால் செய்திருக்கிறார்கள். அங்கங்கே கருப்பாகத் தெரிவது தரையிலிருந்து ஊறி வரும் தார். பலி கொடுக்கும் முன் கள் கொடுத்து மயக்கிய முகம் என்கிறார் ஒருவர், ஆடல் பாடல் தெய்வத்தின் கூட்டம் என்கிறார் இன்னொருவர். உள்ளே கூடு, தட்டினால் கிலுகிலுப்பையாகவோ ஊதினால் ஊதலாகவோ இருக்கிற சிலவும் இவற்றில் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிபடவில்லை. சிரிப்பு நிறையத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு வரவில்லை.

அப்புறம் அவர்கள்.

எல் சபோதால் என்ற கிராமத்தில் 1971இல் தோண்டி எடுக்கப்பட்ட சுடுமண் பெண்கள். கி.பி. 600க்கும் 900க்கும் இடைப்பட்ட காலம். சிலர் நிற்கிறார்கள், சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நம் அளவு. மார்பில் துணி இல்லை. பாவாடையை இடுப்பில் கட்டியிருப்பது பாம்பு. முன்பக்கம் முடிச்சுப் போட்டு இரண்டு தலையும் தொங்குகின்றன. கண் மூடியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது.

அந்த வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டில் ஒருவர் போய்விட்டால் கண்ணை நாங்கள்தான் மூடுவோம். இமையை விரலால் இறக்கிச் சற்று நேரம் பிடித்தால் நின்றுவிடும். வாய் அப்படி இல்லை. தாடைக்குக் கீழே துணி கொடுத்து உச்சந்தலையில் கட்ட வேண்டும். கட்டத் தாமதமானால் இப்படித்தான், இதே அளவுக்குத்தான் திறந்து நிற்கும். கீழ்த்தாடை உள்ளே இறங்கி, உதடு பல்லின் மேல் தளர்ந்து. இந்தச் சிலையைச் செய்தவர் அப்படி ஒரு முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பெண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அறைக்குள் வேறு யாரை விட்டிருப்பார்கள்?

இவர்களுக்கு இப்போது சொல்லப்படுகிற பெயர் சிவாதெதேயோ, பெண் தெய்வங்கள். பெயரும் விவரமும் அஸ்டெக்குகளுடையவை. சிலைகளுக்கும் அந்த விவரத்தை எழுதி வைத்ததற்கும் நடுவில் அறுநூறு வருடத்துக்கு மேல் இடைவெளி உண்டு. ஆனாலும் சாகுன் நஹுவா முதியவர்களிடம் கேட்டு அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்ததைப் படித்துவிட்டு இந்த முகத்தைப் பார்த்தால் விலகி நிற்க முடியவில்லை. குழந்தை வெளியே வந்ததும் மருத்துவச்சி போர்க்களத்தில் கத்துகிற மாதிரி ஆரவாரம் செய்வாளாம். தாய் ஒரு போர் முடித்து, ஒரு கைதியைப் பிடித்து வந்திருக்கிறாள் என்று கணக்கு. பிள்ளை பெறுவது செத்துப் பிழைக்கிற காரியம் என்று நாம் சொல்வதை அவர்கள் சடங்காகவே செய்திருக்கிறார்கள். அதில் இறந்துவிட்டால் அவள் களத்தில் விழுந்த வீரனுக்குச் சமம். சூரியன் மறைகிற நேரத்தில்தான் உடலை எடுத்துப் போவார்கள், மருத்துவச்சிகள் கேடயமும் வாளும் ஏந்திச் சுற்றிலும் வருவார்கள். இளம் வீரர்கள் வழிமறித்துச் சண்டை போடுவார்கள். அவளுடைய இடது கை நடுவிரலும் தலைமுடியும் கேடயத்தில் இருந்தால் போரில் வெல்லலாம் என்று நம்பிக்கை. புதைத்த பிறகும் கணவன் நான்கு ராத்திரி காவல் இருக்க வேண்டும்.

போரில் இறந்த ஆண்கள் சூரியனைக் கிழக்கிலிருந்து உச்சி வரை கொண்டுவருவார்கள். உச்சியில் இந்தப் பெண்கள் கைமாற்றி வாங்கிக்கொள்வார்கள். கெத்ஸால் பறவை இறகில் செய்த பல்லக்கில் வைத்து மேற்கே இறக்குவார்கள். மேற்குத் திசைக்கே 'பெண்கள் பக்கம்' என்றுதான் பெயர். குறிப்பிட்ட ஐந்து நாட்களில் அவர்கள் நாற்சந்திகளில் இறங்குவார்கள், அன்றைக்குப் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது. பட்டாம்பூச்சி, மின்னல் வடிவத்தில் ரொட்டி செய்து படைப்பார்கள். மதிப்பும் பயமும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காவலுக்கு இருந்த அம்மா ஒருவர் தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து என் பின்னால் போட்டார். மகள் நன்றி சொல்லி, அம்மா பிரசவம் பார்க்கிற நர்ஸ் என்றாள். "பார்த்தேரா?" என்று அவர் முகம் மலர்ந்தது. மருத்துவச்சி. அவருடைய பாட்டியும் அதுதானாம், மலைக் கிராமத்தில். அந்தப் பாட்டி எத்தனை பிள்ளைகளை எடுத்தார் என்று வீட்டில் யாரும் எண்ணவில்லை, ஆனால் தன் கையில் இறந்த மூன்று தாய்களின் பெயரைச் சாகும்வரை ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம். மகள் அதை மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பக்கத்தில் நின்றார்.

2003இல் ஒரு மழை ராத்திரி. இருபத்திரண்டு வயசு, தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது. குழந்தை இறந்தே பிறந்தது. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளும் போய்விட்டாள். தாடைக்குத் துணி கட்டியது நான்தான்.

நவம்பர் 1, வெள்ளி – எல் சபோதால்

வாடகைக் கார், நாள் முழுக்க 2,800 பெசோ. மலையிலிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, கடைசியில் விசிறிக்கொள்ள ஆரம்பித்தோம். இரண்டு பக்கமும் கரும்பு. மேப்பை நம்பிப் போய் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றோம். இது வேறு சபோதாலாம்! சபோதால் என்றால் சபோத்தே மரம் நிறைந்த இடம், அந்தப் பெயரில் இந்தப் பக்கம் நிறைய ஊர் இருக்கிறதாம். கடைக்காரர் மண்ணில் குச்சியால் படம் போட்டு வழி காட்டினார். ஒன்றரை மணி நேரம் வீண். ஆனால் அவர் கடையில் விற்ற பழத்தைப் பார்த்ததும் மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சப்போட்டா! நம் சப்போட்டாவேதான். பெயரும் இங்கிருந்து வந்ததுதான்; நஹுவா மக்களின் மொழியான நஹுவாத்லில் 'த்ஸபோத்ல்', ஸ்பானியர் வாயில் சபோத்தே, நம் வாயில் சப்போட்டா. கிலோ 40 பெசோ. மூன்று பேரும் காரிலேயே தின்றோம்.

சரியான ஊருக்குப் போனபோது மணி இரண்டு. ஒரு மேட்டின் மேல் கூரை போட்ட கட்டடம். உள்ளே, தோண்டிய குழியில், கிடைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் மரண அதிபதி. மிக்த்லான்தெகுத்லி என்றே இவரையும் சொல்கிறார்கள், அஸ்டெக் பெயரை முன்தேதியிட்டு. மண்டை ஓட்டு முகம், விரித்த பெரிய தலை அலங்காரம், விலா எலும்புகள், அங்கங்கே நிறத்தின் சுவடு. இவரை யாரும் சுடவில்லை. பச்சை மண். தூக்கினால் உதிர்ந்துவிடும் என்பதால்தான் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறார். இவரைச் சுற்றித்தான் அந்தப் பெண்களும், சிரிக்கும் முகங்களும், ஏராளமான மனித எலும்புகளும் கிடைத்தன.

பெண்களைச் சூளையில் வைத்தவர்களுக்கு இவரையும் சுடத் தெரியாமல் இல்லை. பெரிய உருவத்தை உள்ளே கூடாக்கி, காற்றுப் போக வழி வைத்து, வெடிக்காமல் சுட்டெடுத்த கைகள் அவை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சுட்ட மண் நிலைத்துவிடும். சுடாத மண்ணை ஈரம் பட்டால் பூமி திரும்ப எடுத்துக்கொள்ளும். இறந்தவர்களை வாங்கிக்கொள்கிற சாமியை அப்படியும், போன பெண்களை இப்படியும் செய்திருக்கிறார்கள். ஒரு கம்பித் தடுப்பு தூரத்தில் நின்று பார்க்கும்போது, தோள் பக்கம் மண்ணில் விரலால் வழித்த கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டு வாசலில் செண்டுமல்லி வளைவு. செண்டுமல்லியும் இந்த நாட்டிலிருந்து நம்மிடம் வந்த பூதான். வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டார். முன் அறையில் படையல்: மெழுகுவத்தி, ஆரஞ்சு, ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், சின்ன மண் பொம்மைகள், மிட்டாய். இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக நம்பும் பண்டிகை: நவம்பர் 1 இறந்த குழந்தைகள் வருகிற நாள், நாளைக்குத்தான் பெரியவர்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் வாழை இலையில் கட்டிய தமால் இரண்டிரண்டு வைத்தார். மெக்ஸிகோ சிட்டியில் சாப்பிட்டதைவிட மென்மையாக, இலை வாசத்தோடு இருந்தது. காசை எடுத்ததும் கையை மூடிவிட்டார்.

எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். சொல்லு என்றேன். அவள் சொல்லச் சொல்ல அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்தார். பெயர் என்ன?

இருபத்தோரு வருடமாக நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னேன். அதில் ஒரு ழகரம் உண்டு. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு லகரமாக எழுதினார். குழந்தைக்கு? பெயர் வைக்கவில்லை என்றேன். அவர் ஒரு சின்ன மெழுகுவத்தியை எடுத்து அப்போதே ஏற்றினார். பெரியது நாளைக்கு, நானே ஏற்றிவிடுகிறேன் என்றார். மிச்சம் இருந்த சப்போட்டா இரண்டையும் படையலில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, சனி – வெராக்ரூஸ்

வடக்குக் காற்று அடிக்கிறது. கடல் அலை நடைபாதைவரை ஏறி வருகிறது, குடை ஒரு நிமிஷத்தில் முறிந்துவிட்டது. காபிக் கடைக்குள் ஒதுங்கினோம். கண்ணாடி டம்ளரில் டிகாஷனை மட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். ஸ்பூனால் டம்ளரைத் தட்டினால் கெட்டிலோடு ஒருவர் வந்து உயரத்திலிருந்து பாலை ஊற்றுவார். கடை முழுக்க அந்தச் சத்தம்.

நேற்றைய டிரைவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அந்த அம்மா அனுப்பச் சொன்னாராம். பெரிய மெழுகுவத்தி எரிகிறது. பக்கத்தில் நோட்டுத் தாள். சப்போட்டா ஒன்று பிளந்து வைத்திருக்கிறது.